ஓவியக்கூடங்களின் விளக்கக் குரல்: ஒரு வரலாற்று நோக்கு

லண்டன் மாநகரின் தேசிய ஓவியக்கூடத்தில், வெனிஸ் நகரத்து ஓவியர் ஜென்டிலே பெல்லினி பலகையின் மீது தைல வண்ணத்தில் தீட்டிய ஓவியம் ஒன்று உள்ளது. கிறித்தவ மரபின்படி அன்னை மர்யம் (அலை) அவர்களைக் குழந்தையுடன் அரியணையில் வீற்றிருப்பவராகச் சித்திரிக்கும் ஓவியம் அது. 1475க்கும் 1485க்கும் இடைப்பட்ட காலத்தது எனக் கணிக்கிறார்கள். அரியணையின் அடியில், பாதங்களுக்குக் கீழே ஒரு விரிப்பு கிடக்கிறது. அதன் ஒரு முனையில் சாவித்துளை போன்ற வடிவம் ஒன்று கரையிலிருந்து உள்நோக்கி எழும்பி நிற்கிறது. அனத்தோலியாவில், அஃதாவது இன்றைய துருக்கியில், முஸ்லிம்கள் நெய்த தொழுகை விரிப்பு அது. நம் இல்லங்களில் முஸல்லா என்று வழங்குகிறோமே, அதன் மூதாதைகளுள் ஒன்று.

தொழுகை விரிப்பு அன்னை மர்யமின் காலடிக்கு வந்தது எப்படி? ஓவியர் அதை அவமதிப்பாக வரையவில்லை. தம் காலத்தில் கிடைத்த மிகச் சிறந்த, மிக விலையுயர்ந்த பொருளையே அங்கு விரித்திருக்கிறார். இந்தச் செய்தியை ஓவியத்தின் முன் நிற்கும் பார்வையாளருக்கு யார் சொல்கிறார்கள், எத்தனை சொற்களில் சொல்கிறார்கள் என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய விரும்புவது. ஏனெனில் இன்று பெரும்பாலோர் இத்தகைய ஓவியங்களை நேரில் காண்பதில்லை. ஓவியக்கூடங்களே தயாரித்து வெளியிடும் இரண்டு நிமிட, ஐந்து நிமிடக் காணொளிகளின் வழியாகவே காண்கிறார்கள். அந்தக் காணொளியில் ஒரு குரல் இருக்கிறது. கண் எங்கே நிற்க வேண்டும், எங்கே நிற்காமல் கடக்க வேண்டும் என்பதை அந்தக் குரலே தீர்மானிக்கிறது.

மன்னர்களின் மாளிகைகளில் அடைபட்டிருந்த ஓவியங்கள் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது அண்மைக் கால நிகழ்ச்சியே. ஃபிரான்சுப் புரட்சியின்போது பாரிஸில் லூவர் அரண்மனை 1793 ஆகஸ்ட் 10 அன்று அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. லண்டனில் ஆங்கர்ஸ்டைன் என்ற செல்வரின் 38 ஓவியங்களை 1824இல் அரசு 57,000 பவுண்டுக்கு வாங்கியதே தேசிய ஓவியக்கூடத்தின் தொடக்கம். வாயில் திறந்துவிட்டது, ஆனால் உள்ளே வந்தவர்க்குப் பொருள் விளங்க வேண்டுமே! நெடுங்காலம் அதற்கு இருந்த வழி, அச்சிட்ட பட்டியலும் சட்டத்தின் அருகே ஒட்டிய சிறு சீட்டுமே. ஓவியர் பெயர், ஆண்டு, தலைப்பு ஆகியவற்றுக்கு மேல் அவற்றில் அதிகம் இராது.

ஒரு நேரத்தில் ஓர் ஓவியத்தை மட்டும் எடுத்து நிறுத்தி மக்களைப் பார்க்கச் செய்யும் முறை, இரண்டாம் உலகப் போரின் நெருக்கடியில் பிறந்தது என்பது வியப்புக்குரியது. குண்டுவீச்சுக்கு அஞ்சி, லண்டன் ஓவியங்கள் அனைத்தும் 1941இல் வேல்ஸ் பகுதியில் மானோட் என்னுமிடத்திலுள்ள கற்சுரங்கத்திற்குள் பதுக்கப்பட்டன. வெற்றுச் சுவர்களைப் பார்த்துச் சலித்த மக்கள், ஒன்றையாவது காட்டக் கூடாதா எனக் கேட்டனர். அப்போதைய இயக்குநர் கென்னத் கிளார்க் 1942 முதல் மாதம் ஓர் ஓவியத்தைச் சுரங்கத்திலிருந்து வரவழைத்துத் தனியாக வைத்தார். நூற்றுக்கணக்கானவற்றைச் சுற்றிப் பார்த்து ஒன்றும் நெஞ்சில் தங்காமல் வீடு திரும்புவதைவிட, ஒன்றின் முன் நெடுநேரம் நிற்பது மேல் என்பதை அன்றைய மக்கள் உணர்ந்தனர். இன்றைய காணொளிகள் பின்பற்றும் இலக்கணமும் இதுவே.

அதே கிளார்க் 1969இல் பிபிசி தொலைக்காட்சியில் 'நாகரிகம்' என்ற 13 பகுதித் தொடரை வழங்கினார். வண்ணத் தொலைக்காட்சி இங்கிலாந்தில் பரவத் தொடங்கிய வேளை அது. பல நாடுகளில் கோடிக்கணக்கானோர் ஓவியத்தைப் பற்றி முதன்முதலாக ஒரு மனிதர் வீட்டிற்குள் வந்து உரையாடுவதைக் கேட்டனர். அவருடைய ஈடுபாட்டையும் சொல்லாற்றலையும் நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் 'நாகரிகம்' என்று பொதுப்பெயர் சூட்டிய அத்தொடர், பெரும்பாலும் மேற்கு ஐரோப்பாவுக்குள்ளேயே நின்றுவிட்டது. இஸ்லாம் அதன் முதற்பகுதியில் ஐரோப்பாவை அச்சுறுத்திய ஒரு படையெடுப்பாகத் தலைகாட்டிவிட்டு மறைகிறது. குர்துபாவின் பள்ளிவாசலோ கர்னாத்தாவின் அல்ஹம்ராவோ மேற்கு ஐரோப்பாவின் மண்ணிலேயே நிற்கின்றன. எனினும் ஸ்பெயினுக்கே அங்கு இடமில்லை.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1972இல், ஜான் பெர்ஜர் அதே பிபிசியில் நான்கு நிகழ்ச்சிகளில் இதற்கு மறுமொழி கூறினார். ஓவியம் உடைமையின் கொண்டாட்டம், அதைப் பார்க்கும் முறையும் நமக்குக் கற்பிக்கப்பட்டதே என்பது அவர் வாதம். ஒளிப்பதிவுக் கருவி ஓவியத்தின் ஒரு மூலையை மட்டும் பெரிதாக்கிக் காட்டி, இசையையும் சேர்த்துவிட்டால், அதே ஓவியம் வேறு பொருள் தரும் என்பதைத் திரையிலேயே செய்து காட்டினார். காணொளி பார்க்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய பாடம் இது. ஃபிரான்சில் ஆலன் ஜோபேர் 1988 முதல் ஓவியம் ஒன்றுக்கு அரைமணி நேரம் என்ற கணக்கில் ஏறக்குறைய ஐம்பது படங்களை எடுத்தார். இங்கிலாந்தில் கன்னியாஸ்திரீ வெண்டி பெக்கெட், துறவற ஆடையுடன் ஓவியங்களின் முன் நின்று தொண்ணூறுகளில் பேசிப் பெரும் புகழ் எய்தினார்.

1991இல் லண்டன் தேசிய ஓவியக்கூடம் தன் புதிய கட்டடத்தில் கணினிகள் வைத்த சிற்றறை ஒன்றைத் திறந்தது. பார்வையாளர் திரையைத் தொட்டு, தாம் விரும்பிய ஓவியத்தின் விவரங்களைப் பெறலாம். 2005இல் பெத் ஹாரிஸ், ஸ்டீவன் ஜுக்கர் என்ற இரு அமெரிக்கக் கலை வரலாற்றாசிரியர்கள் 'ஸ்மார்ட்ஹிஸ்டரி' முயற்சியைத் தொடங்கினர். இருவர் ஓர் ஓவியத்தின் முன் நின்று, எழுதி வைத்துப் படிக்காமல், ஒருவரையொருவர் வினவிப் பேசும் முறை அது. 2011இல் அது, வங்காளப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த ஸல்மான் கானின் கல்வி நிறுவனத்துடன் இணைந்தது; சில ஆண்டுகளில் மீண்டும் தனித்தியங்கத் தொடங்கியது. அதே 2011இல் கூகுள் நிறுவனம் 17 அருங்காட்சியகங்களுடன் சேர்ந்து ஓவியங்களை நுண்ணிய துல்லியத்தில் இணையத்தில் ஏற்றியது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2013இல், 100 காப்பாட்சியர்கள் தலா ஒரு கலைப்பொருளைப் பற்றிச் சில நிமிடங்கள் பேசும் தொடரை வெளியிட்டது.

2020இல் கொரோனாத் தொற்றால் கூடங்கள் பூட்டப்பட்டபோது காணொளி ஒன்றே வாயிலாயிற்று. நியூயார்க்கின் ஃபிரிக் ஓவியக்கூடம் அவ்வாண்டு ஏப்ரலில் தொடங்கிய வாராந்திரத் தொடர் பெரு வரவேற்பைப் பெற்றது. வெள்ளிக்கிழமைதோறும் ஓர் ஓவியம், அதனுடன் அருந்த ஒரு மதுக்கலவை என்பது அதன் அமைப்பு! மது அருந்தாதவர்க்கு மாற்றுப் பானமும் பரிந்துரைத்தார்கள் என்பதை நேர்மைக்காகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் அங்கு பேசியவர்கள் தம் துறையில் ஆழ்ந்தவர்கள். கோப்பையை ஒதுக்கிவிட்டுக் கேட்டாலும் கற்பதற்கு நிரம்ப உண்டு.

இனி ஓர் எடுத்துக்காட்டை விரிவாகக் காண்போம். ஹான்ஸ் ஹோல்பைன் 1533இல் தீட்டிய 'தூதர்கள்' என்ற ஓவியம் லண்டனில் உள்ளது. உயரமும் அகலமும் இரண்டு மீட்டரைக் கடந்த பெரும் ஓவியம். இடப்புறம் இங்கிலாந்து அரசவைக்கு வந்த ஃபிரான்சுத் தூதர் ழான் தெ தின்தவில், வயது 29. வலப்புறம் அவர் நண்பர் ழோர்ஜ் தெ செல்வ், வயது 25. இருவருக்கும் நடுவே ஈரடுக்கு மேசை. மேலடுக்கில் விண்கோளமும் சூரியக் கடிகைகளும். கீழடுக்கில் புவிக்கோளம், கணித நூல், தோத்திரப் பாடல் நூல், நரம்பறுந்த ஒரு இசைக்கருவி. தரையில் சாய்வாக ஏதோ கறை போன்ற உருவம். வலப்புறம் ஒதுங்கி நின்று பார்த்தால் அது மண்டையோடு. மரணத்தை நினைவூட்டவே ஓவியர் அதை ஒளித்து வைத்தார். 1990களில் இந்த ஓவியம் துப்புரவு செய்யப்பட்டபோது அது குறித்த தொலைக்காட்சிப் படமும் வெளிவந்தது. அதன் பின் எத்தனையோ காணொளிகள். நாம் கண்டவற்றுள் பலவற்றில் நேரத்தின் பெரும்பகுதியை மண்டையோடே எடுத்துக்கொள்கிறது. குற்றமில்லை, கண்ணைக் கவரும் வித்தை அது.

ஆனால் ஓவியத்தின் நடுவே, கருவிகள் அனைத்தையும் தாங்கி மேலடுக்கை மூடிக் கிடப்பது அனத்தோலியக் கம்பளம். நரம்பறுந்த அந்த இசைக்கருவியின் ஐரோப்பியப் பெயரான 'லூட்', 'அல்ஊத்' என்ற அரபுச் சொல்லின் திரிபு. இவற்றைச் சொல்வது வெறும் பெருமைக்கன்று. தின்தவிலின் அரசரான முதலாம் ஃபிரான்சுவா, தம் பகைவரான பேரரசர் சார்லஸை எதிர்க்க உஸ்மானியரின் நட்பை நாடிய காலம் அது. 1535இல் ஃபிரான்சின் தூதர் இஸ்தான்பூலில் நிலையாக அமர்ந்தார். அடுத்த ஆண்டு சுல்தான் சுலைமானுடன் உடன்பாடு பேசப்பட்டது. இதையும் அறிந்து நோக்குபவர்க்கு, தூதர்களின் முழங்கைக்கு அடியில் விரிந்திருக்கும் அக்கம்பளம் வெறும் மேசைத்துணியாகத் தோன்றாது.

கம்பளத்தின் பெயரே இன்னும் வருத்தம் தருவது. மேற்கு அனத்தோலியாவில் நெய்யப்பட்ட இவ்வகைக்கு உலகெங்கும் வழங்கும் பெயர் 'ஹோல்பைன் கம்பளம்'. லோரென்சோ லோட்டோ என்ற ஓவியர் வரைந்த வகைக்கு 'லோட்டோ கம்பளம்'. மெம்லிங், கிரிவெல்லி ஆகியோரின் பெயர்களிலும் உண்டு. நாம் முதலில் கூறிய தொழுகை விரிப்புக்குப் பெயர் 'பெல்லினி கம்பளம்'! நெய்த பெண்ணின் பெயர் போகட்டும், ஊர்ப் பெயர்கூட இல்லை. பார்த்து வரைந்தவரின் பெயர் நிலைத்துவிட்டது. இதற்கு ஒரு காரணம் உண்டு என்பதையும் நடுநிலையோடு சொல்ல வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யூலியுஸ் லெஸ்ஸிங், வில்ஹெல்ம் போடெ முதலிய ஜெர்மன் அறிஞர்கள் கம்பளங்களின் காலத்தைக் கணிக்க முற்பட்டனர். கம்பளத்தில் ஆண்டு நெய்யப்படுவது அரிது. ஓவியத்திலோ ஆண்டு உண்டு. எனவே 1533இன் ஓவியத்தில் காணப்படும் கம்பளம் 1533க்கு முன் நெய்யப்பட்டது என்ற அளவில் ஓவியமே ஆவணமாயிற்று. முறை சரியானது. அதிலிருந்து பிறந்த பெயர்தான், பொருளின் உண்மையான தாயகத்தை மறைக்கும் திரையாகிவிட்டது.

அரபு எழுத்துகளின் நிலையும் இத்தகையதே. ஃபிளாரன்ஸ் நகரின் உஃபிஸி கூடத்திலுள்ள, ஜென்டிலே த ஃபாப்ரியானோ 1423இல் தீட்டிய ஓவியத்தில், அன்னை மர்யமின் தலையைச் சூழ்ந்த பொன் ஒளிவட்டத்தில் அரபு போன்ற எழுத்துகள் சுற்றி வருகின்றன. இடையிடையே பூவடிவங்கள் அவற்றைப் பிரிக்கின்றன. மம்லூக்கியரின் எகிப்திலும் ஷாமிலும் செய்யப்பட்ட பித்தளைத் தட்டுகளின் விளிம்பு அலங்காரம் அப்படியே ஒளிவட்டமாகியுள்ளது. எழுத்துகள் பொருள் தருவன அல்ல. பார்த்து எழுதியவர் அரபு அறியாதவர். ஆனால் கிழக்கிலிருந்து வந்த அந்த எழுத்து புனிதமானது, ஈஸா (அலை) வாழ்ந்த புண்ணிய பூமியைச் சேர்ந்தது என்ற எண்ணம் அக்கால இத்தாலியில் இருந்திருக்கிறது. தெற்கு ஃபிரான்சில் ஆப்த் என்ற ஊரின் தேவாலயத்தில் மர்யமின் தாயாருடைய முக்காடு என நூற்றாண்டுக் கணக்கில் போற்றப்பட்ட துணியில், ஃபாத்திமிய கலீஃபா முஸ்தஅலீயின் பெயர் நெய்யப்பட்டிருப்பது தெரியவந்தது. 1096-97இல் எகிப்தின் திம்யாத்தில் நெய்த துணி அது.

தவறாகப் படிக்கப்பட்ட ஓவியங்களும் உண்டு. லூவரில் உள்ள, 1511 என ஆண்டு குறித்த வெனிஸ் ஓவியம் ஒன்றில், தலைப்பாகை அணிந்த ஆளுநர் ஐரோப்பியத் தூதுக் குழுவை வரவேற்கிறார். பின்புலத்தில் மினாராக்களும் குவிமாடமும் தோன்றுகின்றன. சுவரில் மம்லூக்கிய சுல்தானின் சின்னம். இது கெய்ரோவில் நடந்த வரவேற்பு என்றே நெடுங்காலம் கருதினர். 1940களில் ஃபிரெஞ்சு அறிஞர் ழான் ஸொவாஜே, பின்னால் தெரிவது திமஷ்கின் உமையா பள்ளிவாசல் என்று நிறுவினார். அந்நகரின் தெருக்களையும் கட்டடங்களையும் அறிந்த ஒருவர் வந்து பார்க்கும்வரை, கண்ணெதிரே நின்ற பள்ளிவாசல் அடையாளம் தெரியாமலே கிடந்தது.

ஐரோப்பிய ஓவியத்தின் தனிப்பெருமையாகக் காணொளிகள் திரும்பத் திரும்பக் கூறுவது, தட்டையான பலகையில் ஆழத்தைக் காட்டும் கணித முறையை. 1435இல் அல்பெர்தி அதற்கு இலக்கணம் எழுதினார். அதற்கு அடிப்படையான ஒளியியலை வகுத்தவர் பஸராவில் ஏறக்குறைய 965இல் பிறந்து கெய்ரோவில் மறைந்த இப்னுல் ஹைஸம். கண்ணிலிருந்து கதிர் புறப்படவில்லை, பொருளிலிருந்து ஒளி கண்ணை அடைகிறது என்று அவர் தம் 'கிதாபுல் மனாழிர்' நூலில் நிறுவினார். அந்நூல் 1200ஐ ஒட்டி இலத்தீனிலும், 14ஆம் நூற்றாண்டில் இத்தாலிய மொழியிலும் பெயர்ந்தது. ஃபிளாரன்ஸின் சிற்பி கிபெர்ட்டி தம் மூன்றாம் உரையில் அதிலிருந்து பக்கம் பக்கமாக எடுத்தாண்டுள்ளார். ஆனால் எச்சரிக்கை தேவை. இப்னுல் ஹைஸம் பார்வையை ஆராய்ந்தார். ஓவிய முறையை அவர் கற்பிக்கவில்லை. அதை ஓவியமாக்கியவர்கள் இத்தாலியரே. நம் மேடைகளில் எல்லாவற்றையும் நாமே கண்டுபிடித்தோம் என முழங்குவோர் இந்த வேறுபாட்டை மறந்துவிடுகின்றனர்.

இங்கு ஒரு வினா எழும்: உயிருள்ளவற்றின் உருவங்களை வரைவது பற்றிக் கடுமையான நபிமொழிகள் இருக்க, ஓவியக் காணொளிகளைப் பற்றி நாம் பேசலாமா? வினா நியாயமானது. ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நம்மவர் பெரிதும் சார்ந்திருக்கும் இமாம் நவவி (ரஹ்), உயிருள்ளவற்றின் உருவத்தை எப்பொருளில் செய்தாலும் ஹராம் என்றே எழுதுகிறார்கள். அதே இடத்தில், காலில் மிதிபடும் விரிப்பில் அமைந்த உருவத்தை வைத்திருப்பதற்கு வேறு சட்டம் கூறுகிறார்கள். செய்வது வேறு, பயன்படுத்துவது வேறு என்ற பகுப்பு நம் ஃபிக்ஹு நூல்களிலேயே உண்டு. புகைப்படம் வந்தபின், எகிப்தின் முஃப்தியாக இருந்த முஹம்மது பகீத் அல்முதீஈ, அது உருவாக்கமன்று, நிழலைத் தடுத்து நிறுத்துவதே என்ற அடிப்படையில் அதை அனுமதித்துத் தனி நூல் எழுதினார். மறுத்தவர்களும் பலர், கருத்து வேறுபாடு இன்றும் உண்டு.

இவ்வகையில் மிகவும் கருதத்தக்கவர் அந்நாட்டின் மற்றொரு முஃப்தியான முஹம்மது அப்துஹு. 1903இல் சிசிலித் தீவுக்குச் சென்ற அவர், அங்கு அருங்காட்சியகங்களைக் கண்டார். ஓவியங்களை அம்மக்கள் பேணும் அக்கறையைப் பற்றி 'அல்மனார்' இதழில் எழுதினார். அரபியர் தம் கவிதையைப் பேணியதற்கு நிகராக இவர்கள் ஓவியத்தைப் பேணுகின்றனர், கவிதை செவிக்கு, ஓவியம் கண்ணுக்கு என்பது அவர் கண்ட ஒப்புமை. வணக்கத்திற்கு வழிகோலும் அச்சம் நீங்கிய இடத்தில், அறிவின் சிறந்த சாதனம் ஒன்றை ஷரீஅத் தடுக்காது என்பது அவர் முடிவு. அவருடைய பல முடிவுகளை நம் உலமாக்கள் ஏற்கவில்லை. இதையும் எல்லோரும் ஏற்க வேண்டும் என நாம் வாதிடவில்லை. ஆனால் வரைவதை விலக்குவது ஒன்று. வரையப்பட்டதில் நம் வரலாறு பதிந்திருப்பதை அறியாமலிருப்பது மற்றொன்று. பின்னதற்கு மார்க்கத்தில் ஆதாரம் தேடுவோர் எதைக் காட்டுவர் என்று நமக்குத் தெரியவில்லை.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கிளார்க் கலைக்கூடத்தில் ழெரோம் என்ற ஃபிரெஞ்சு ஓவியர் 1879 அளவில் தீட்டிய 'பாம்பாட்டி' உள்ளது. எட்வர்ட் ஸயீத் 1978இல் வெளியிட்ட 'கீழைத்தேயவியல்' நூலின் அட்டையில் இடம்பெற்றதால் உலகறிந்த ஓவியம் அது. ஆடையற்ற சிறுவன் ஒருவன் மலைப்பாம்பைச் சுற்றிக்கொண்டு நிற்க, ஆயுதந்தாங்கிய ஆடவர் சிலர் சுவரில் சாய்ந்தமர்ந்து பார்க்கின்றனர். கீழை உலகம் என்றாலே சோம்பலும் காமமும் வன்முறையும் என்ற கற்பனையின் சின்னமாக இதை ஆய்வாளர்கள் பலவாறு அலசியுள்ளனர். நீல ஓடுகள் பதித்த அச்சுவரின் மேற்பகுதியில் அரபு எழுத்துகள் ஓடுகின்றன. ஒளிவட்டத்து எழுத்துகள் போலப் பொருளற்றவை அல்ல இவை. மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை எனக் கூறும் அல்பகரா அத்தியாயத்தின் 256ஆம் வசனம் அது. இறைவசனம் மேலே, இழிந்த கற்பனை கீழே. அரபு அறியாத பார்வையாளருக்கு அது அலங்கார வளைவு. நம் மக்தபில் ஓதும் பத்து வயதுப் பிள்ளையோ அதன் முதற் சொற்களை எழுத்துக் கூட்டியே படித்துவிடும்.

நம் அரபுக் கல்லூரிகளில் பல தலைமுறைகளாகக் கற்பிக்கப்படும் நூல்களுள் ஹரீரியின் 'மகாமாத்' ஒன்று. ஹிஜ்ரி 516இல் மறைந்த அப்பெரும் மொழியறிஞரின் ஐம்பது மகாமாக்களையும், சொல்லுக்குச் சொல் பொருள் எழுதி, அபூ ஸைத் ஸரூஜியின் தந்திரங்களுக்குச் சிரித்து, நாமும் படித்தோம், படிப்பித்தும் வருகிறோம். அந்நூலின் கையெழுத்துப் படி ஒன்றை ஹிஜ்ரி 634 ரமளானில், அஃதாவது 1237இல், யஹ்யா இப்னு மஹ்மூது அல்வாஸிதீ தம் கையாலேயே எழுதி, 99 ஓவியங்களும் வரைந்து முடித்தார். பக்தாதில் உருவானதாகக் கருதப்படும் படி அது. அந்நகரில் முஸ்தன்ஸிரிய்யா மதரஸா திறந்து மூன்றாண்டுகளே ஆகியிருந்தன. மங்கோலியர் வர இன்னும் இருபத்தோராண்டு இருந்தது. பெருநாள் ஊர்வலம் கொடிகளுடன் புறப்படுவதும், ஹஜ்ஜுக் கூட்டம் முரசுடன் செல்வதும், கிராமத்துப் பள்ளிவாசலும், ஒட்டக மந்தையும் அதில் உள்ளன. அப்படி இன்று பாரிஸின் தேசிய நூலகத்தில் இருக்கிறது. அந்நூலகம் ஏடு முழுவதையும் இணையத்தில் ஏற்றியிருப்பதால், யாரும் வீட்டிலிருந்தே புரட்டலாம்.

காணொளிகளும் சொற்பொழிவுகளும் பெரும்பாலும் இதன் ஓவியங்களையே காட்டுகின்றன. வாஸிதீயின் கோடுகளையும் வண்ணத்தையும் நன்றாகவே விளக்குகின்றன. இரண்டாம் மகாமாவின் ஓவியத்தில் ஒரு நூலகம். சுவரின் மாடங்களில் நூல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கை வாட்டில் அடுக்கப்பட்டுள்ளன. முன்னே தலைப்பாகை அணிந்த சிலர் அமர்ந்திருக்க, புதிதாக வந்த ஒருவர் பேச்சைக் கைப்பற்றுகிறார். அவர் ஏன் கைப்பற்றுகிறார், எந்தக் கவிதையடி பற்றி அங்கு வாதம் எழுந்தது, அவர் யார் என்பன எல்லாம் வாஸிதீ தம் கையால் எழுதிச் சென்ற ஹரீரியின் வாசகத்தில் உள்ளன. நம் மாணவர்கள் அந்த மகாமாவை ஆண்டின் தொடக்க மாதங்களிலேயே படித்து முடித்துவிடுகிறார்கள்.